டியூஷனுக்கு லேட்டாக வருகிறவர்

அருளப்பன் சார் டியூஷனுக்கு லேட்டாக வர ஆரம்பித்தார். முதலில் ஐந்து நிமிஷம், அப்புறம் பத்து, இப்போது இருபத்தைந்து. வரும்போது முகத்தில் ஒரு வருத்தமாவது இருக்கவேண்டுமே, கிடையாது.

பி.எட். முடித்த கையோடு அவரிடம் தொழில் பழக வந்த தமயந்திக்குச் சந்தேகம் தட்டியது. மனுஷர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாக வந்த சென்டரில் ரகசியமாகப் பாடம் எடுக்கிறார் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டாள். நல்லவேளை, நானாவது இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள். தினமும் ஐந்து மணிக்கு முன்பே வந்து, யாராவது திணறினால் உடனே பேனாவை வாங்கிக் கணக்கைப் போட்டுக் காட்டுவாள்.

ஜெசிந்தாவுக்குத்தான் அதிகம் போட்டுக் கொடுத்தாள். அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் கோட்டைவிட்ட பெண் அது. பத்தாவதிலும் ஃபெயிலானால் மில் வேலைக்கு அனுப்பிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். தமயந்தி பக்கத்தில் இருந்தால் அவளுக்கு எல்லாம் வரும். பரீட்சை ஹாலில் ஒன்றும் வராது. அதற்கும் சாரைத்தான் மனசுக்குள் திட்டினாள் தமயந்தி.

ஒரு வியாழக்கிழமை, கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, டியூஷன் நடக்கும் மாடிக்குப் போகாமல் எதிரே ஜெராக்ஸ் கடையில் நின்றாள். ஐந்து மணி ஆக இரண்டு நிமிஷம் இருக்கும்போதே சார் வந்துவிட்டார். வண்டியை நிறுத்திவிட்டு மாடிப்படி ஏறினார். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளும் ஏறினாள்.

சாத்திய கதவுக்கு வெளியே, கடைசிப் படியில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார் சார்.

"என்ன சார் இது?"

அவர் உதட்டில் விரலை வைத்தார்.

உள்ளே ஜெசிந்தாவின் குரல். அக்காவையும் காணோம், சாரையும் காணோம், நாமே போட்டுப் பார்ப்போம் என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் போட்டாள். மூன்றாவது வரியிலேயே கழித்தலைக் கூட்டலாக்கிவிட்டாள். தமயந்திக்குக் கை பரபரத்தது. கதவைத் தள்ளப் போனாள். சார் கதவுப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

விடை வரவில்லை. எல்லாத்தையும் அடிச்சிட்டேன்டி என்றாள் ஜெசிந்தா. மறுபடியும் முதல் வரியிலிருந்து போனாள்.

"இங்கதான்டி மைனஸை விட்டுட்டேன்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

தமயந்தி சாரின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் சந்தேகப்பட்டதையும், பஸ் ஸ்டாண்டு சென்டர் கதையையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"இதுக்காகத்தான் தினமும் லேட்டா வந்தீங்களா சார்?"

"ஆமா. ஒரு நாளும் பலிக்கலை" என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே. "இன்னைக்குத்தானேம்மா நீயும் லேட்டா வந்திருக்க."