கும்மிக்குச் சொந்தக்காரிகள்

ஒரு ஊரில் பேச்சிக்கனி என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய வலது கை அக்கா, இடது கை தங்கச்சி. ரெண்டுக்கும் வாய் ஜாஸ்தி.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு எட்டு நாள் இருந்தது. தினமும் சாயங்காலம் பெண்கள் வட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து கும்மி பழகினார்கள். பேச்சிக்கனிக்குப் பக்கத்தில் எப்பவும் அவளுடைய அண்ணன் பெண்டாட்டி தங்கபுஷ்பம்தான். ரெண்டு பேருக்கும் அப்படி ஒரு சிரிப்பு.

"நாம தட்டினாத்தான் கும்மி. இல்லைன்னா அது வெறும் பாட்டு," என்றது அக்கா.

"அப்ப நான் யாராம்?" என்று தொண்டை கேட்டது.

"நீ எதையும் பாடிட்டுப் போ. ரேஷன் கடை வரிசையைப் பத்திப் பாடு. நாங்க தட்டினா அதுவும் கும்மிதான்," என்றது தங்கச்சி. "கொடையில ஊரே எங்களைத்தான் சொல்லப்போகுது, பாரு."

தொண்டைக்கு முகம் இருந்திருந்தால் சுண்டிப்போயிருக்கும்.

மூன்றாம் நாள் தங்கபுஷ்பத்துக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் உடலைத் தூக்கிவந்து வாசலில் கிடத்தினார்கள். யாராலும் நம்ப முடியவில்லை.

பெண்கள் சுற்றி நின்று மாரடித்துப் பாட ஆரம்பித்தார்கள். அதே பெண்கள். அதே வட்டம். குனிந்து நிமிர்வதும் அதே மாதிரி, தாளமும் அதே மாதிரி.

பேச்சிக்கனிக்குக் கண்ணே தெரியவில்லை. கால் மட்டும் தன்னால் சுற்றியது.

"வா தங்கச்சி, நம்ம ஆட்டம்தான்," என்றது அக்கா.

இரண்டும் பாய்ந்து ஒன்றையொன்று தட்டின. பட்டென்று சத்தம்.

வட்டம் அப்படியே நின்றுவிட்டது.

"ஏட்டி! எழவு வீட்டுல கும்மியா கொட்டுத?" என்று ஒருத்தி கத்தினாள்.

பேச்சிக்கனி வாய் பிளந்து நின்றாள். கைகள் அந்தரத்திலேயே நின்றன.

"அக்கா, சரியாத்தானே தட்டினோம்? ஏன் கும்மி வரல?"

"எனக்கென்ன தெரியும்? ஏ தொண்டை, நீயாவது சொல்லேன்!"

தொண்டை அடைத்துப்போய்க் கிடந்தது.

கத்தின பெண்ணே பக்கத்தில் வந்தாள். அந்த இரண்டு கைகளையும் பிடித்துப் பேச்சிக்கனியின் நெஞ்சில் வைத்தாள். "இங்கன அடி பிள்ளே," என்றாள்.

கைகள் நெஞ்சில் விழுந்தன. விழுந்ததும் திக்கென்று ஆகிவிட்டது. உள்ளே யாரோ தங்களைவிட வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா," என்றது தங்கச்சி, "இது யாரு? எப்ப இருந்து தட்டிக்கிட்டு இருக்கு?"