தப்பியவரின் சாட்சி

"ஹஜ்ரத், என் கண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லையா?"

செய்யது மீரான் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார். அவருக்கு அறுபது வயது. அவருடைய குரு ஹபீபு ஹஜ்ரத்துக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. அதனால் குரு சீடரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன ஆச்சு காக்கா?"

"நம்ம ஊர்த் தோணிகளைப் பத்திக் கமிட்டிக்காரங்க புத்தகம் போட்டிருக்காங்களே, அதுதான். ரஹ்மானியா தோணிக்குப் பாய்மரம் மூணுன்னு எழுதியிருந்தாங்க. ரெண்டுதான்னு சொன்னேன். பழைய போட்டோ ஒண்ணு கிடைச்சுது. எண்ணிப் பார்த்துத் திருத்திட்டாங்க."

"நல்லதுதானே."

"பாயைப் பத்திச் சொன்னா மட்டும் ஆதாரம் கேக்குறாங்க."

ரஹ்மானியா புயலில் மூழ்கி நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. தோணியின் தலைவர் நகுதா குலாம் காதரோடு பதினோரு பேர் போனார்கள். மீரான் ஒருவர்தான் பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்.

புத்தகத்தில் இப்படி இருந்தது: புயல் கண்டும் நகுதா பாயை இறக்கச் சொல்லவில்லை. விரித்த பாயோடு தோணி கவிழ்ந்தது.

"நகுதா மக செய்னம்பு நேத்து வந்து அழுதா, ஹஜ்ரத். புத்தகம் வந்ததிலேருந்து செத்தவங்க வீட்டுக்காரங்க ஒருத்தரும் அவ வாசப்படி மிதிக்கிறதில்லையாம். பேத்திக்குப் பேசி முடிச்ச சம்பந்தமும் நின்னுபோச்சாம். 'சாச்சா, நீங்கதானே கூட இருந்தீங்க, சொல்லுங்க'ங்கிறா. இப்பவும் வெளியிலதான் உக்காந்திருக்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நடந்ததைச் சொன்னேன். நகுதா பாயை இறக்கச் சொன்னாரு. நான் இறக்கினேன். இந்தக் கையாலதான் இறக்கினேன். கண்ணை மூடினா அந்தக் கயிறு இன்னும் உள்ளங்கையில ஓடுது."

கையை நீட்டிக் காட்டினார். ஹஜ்ரத் பார்த்தார். வயசான கை, அவ்வளவுதான்.

"கமிட்டிக்காரங்க எதை வச்சு எழுதினாங்களாம்?"

"ஏதோ காகிதம் இருக்காம். பாக்குறீங்களான்னு கேட்டாங்க. கடல்ல கிடந்தவன் நான், எனக்கு எதுக்குடா காகிதம்னு எந்திரிச்சு வந்துட்டேன்."

ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை. அதோடு அவருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கவும் வராது. அரபு எழுத்தில் தமிழை எழுதிப் படித்த கடைசிக் கூட்டத்தில் ஒருவர் அவர்.

"நாளைக்கு மறு அச்சுக்குப் போகுது ஹஜ்ரத். நீங்க ரெண்டு வரி எழுதிக் கொடுங்க. மீரான் பொய் சொல்ல மாட்டான்னு எழுதினாப் போதும். உங்க பேச்சைத் தட்ட மாட்டாங்க."

ஹஜ்ரத் பேனாவை எடுக்கவில்லை. மீரான் கொண்டு வந்திருந்த புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். பொடி எழுத்தில் இருந்த ஒரு குறிப்பில் விரலை வைத்து வாசித்தார்.

"'துறைமுக அலுவலகத்தில், விபத்து நடந்த மூன்றாம் நாள் பதிவான வாக்குமூலம். பாயை இறக்கும்படி நகுதா சொல்லவே இல்லை.'"

"எவன் சொன்னான்? தோணியைக் கண்ணால பார்த்திருப்பானா அவன்?"

ஹஜ்ரத் மேலே வாசித்தார்.

"'சொன்னவர் செய்யது மீரான், வயது பத்தொன்பது. வாசித்துக் காட்டியதைக் கேட்டு, சரி என்று கையெழுத்திட்டார்.'"

மீரான் குனிந்து அந்தப் பொடி எழுத்தைப் பார்த்தார்.

ஹஜ்ரத் புத்தகத்தை மூடி அவர் மடியில் வைத்தார்.

தண்ணீர் கொடுத்தார் ஹஜ்ரத். அதை மீரான் குடிக்கவில்லை.

"கத்தினாரு ஹஜ்ரத்," என்றார் கடைசியில். "மீரான், பாயை இறக்குடான்னு ரெண்டு தடவை கத்தினாரு. நான் கயித்துக்கிட்டயே போகல. பயத்துல மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கரையில கேட்டப்போ, அவர் சொல்லவே இல்லைன்னுட்டேன்."

"அந்தக் கயிறு?"

"தெரியலை. எப்ப என் கைக்கு வந்துச்சுன்னு தெரியலை. அல்லாஹ் மேல ஆணையா அது நிஜம்னுதான் நான் இருந்தேன்."

பெரிய மனிதர், குழந்தை மாதிரி அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை.

"இதுதான் உண்மை ஹஜ்ரத். இதையாவது எழுதச் சொல்லுங்க. அவர் மேல தப்பில்லை. தப்பு என் மேலதான். எழுதச் சொல்லுங்க."

"பார்த்தவங்க யாரு?"

"நான் மட்டும்தான்."

ஹஜ்ரத் எழுந்தார்.

"அன்னைக்குத் துறைமுகத்துல ஒண்ணு சொன்னீங்க. நேத்து செய்னம்புகிட்ட ஒண்ணு சொன்னீங்க. இது மூணாவது, காக்கா."

சொல்லிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார்.

வெளியே செய்னம்பு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

"எழுதிக் கொடுத்துட்டாங்களா சாச்சா?"