ராணியின் மஞ்சள் மணி

முன்னொரு காலத்தில், மலைக்கு இந்தப் பக்கம் இருந்த கொன்றைநாட்டை வில்லவராயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் மனசு நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். ஒருநாள் ராணி பூங்குழை பாடியபோது சபையார் எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டான். பல்லக்கு ஏறித் தகப்பன் ஊருக்குப் போனவள், ஆறு மாதமாகத் திரும்பவில்லை.

"அவளே வரட்டும்" என்று ராஜா வீறாப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் காலையில் எழுந்ததும் மலைப்பாதையைத்தான் பார்ப்பான். சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் இன்னொரு இலை போடச் சொல்வான். அவள் படுத்த பக்கம் மெத்தை அமுங்கிக் கிடந்தது. அதைத் தட்டிச் சரிசெய்ய யாரையும் விடவில்லை.

அரண்மனை ரத்தினப் பரிசோதகர் மகுடேசர் இதையெல்லாம் கவனித்தார். தன் தங்கையை ராணியாக்க அவருக்கு வெகுநாள் ஆசை. நல்ல வெயில் காய்ந்த ஒரு மாசி மாதத்துக் காலையில் இரண்டு மஞ்சள் மணிகளோடு சபைக்கு வந்தார். மரப்பிசின் இறுகிக் கல்லான மணிகள்.

"மகாராஜா, இது ராணியார் விட்டுப்போனது. இது என் தங்கையுடையது. உங்கள் உள்ளங்கையில் இந்தச் சின்ன இறகை வையுங்கள். உங்களை நினைக்கிறவளின் மணி அதை இழுத்துக்கொள்ளும்."

ராணியின் மணியைக் கிட்டே கொண்டுபோனார். இறகு அசையவில்லை. தங்கையின் மணியை எடுத்து, "தூசியாக இருக்கிறது" என்று பட்டு அங்கவஸ்திரத்தில் அழுத்தி அழுத்தித் துடைத்துவிட்டுக் காட்டினார். இறகு துள்ளி ஒட்டிக்கொண்டது!

ராஜாவின் முகம் செத்துப்போயிற்று. "மறந்தே போய்விட்டாளா?"

"கல் பொய் சொல்லுமா, மகாராஜா? அடுத்த முகூர்த்தத்திலேயே..."

"அந்த மெத்தையைப் பிரித்துப் போடுங்கள்!" என்று கத்தினான் ராஜா.

மெத்தை தைக்கும் வேலாத்தாளைச் சபைக்குக் கூட்டிவந்தார்கள். தலையெல்லாம் பஞ்சோடு வந்து நின்றாள். நடந்ததைக் காவலாளி சொன்னதும், "ஐயா, உங்க அங்கவஸ்திரத்தைக் கொஞ்சம் குடுங்க" என்று மகுடேசரிடம் வாங்கி, ராணியின் மணியை அதில் பரபரவென்று தேய்த்தாள். பிறகு மகுடேசரின் தாடிக்குப் பக்கத்தில் பிடித்தாள். நரைத்த முடிகள் ஒவ்வொன்றாக எழுந்து மணியை நோக்கி நீண்டன.

"அடடா! ராணியம்மா நினைப்பெல்லாம் இந்தத் தாடி மேலயா இருக்கு?"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. வேலாத்தாள் ஈரக்கையால் மணியைத் தடவி மறுபடி நீட்டினாள். முடி அசையவில்லை.

"தேய்க்கும்போது பட்டுக்கும் மணிக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு தாவுது, மகாராஜா. அதுதான் இழுக்குது. ஈரக்கை பட்டா இறங்கிடும். பஞ்சு கொட்டுற எங்களுக்கு வெயில் நாள்ல இதே ரோதனை. இவர் ஒரு மணியைத் தேச்சார், இன்னொண்ணைத் தேய்க்கல. அவ்வளவுதான்."

ராஜா எழுந்தான். "மகுடேசரே, நாளையிலிருந்து பஞ்சுக் கூடத்தில் இவளுக்குக் கீழே கொட்டை எடுங்கள்." தன் முத்துமாலையைக் கழற்றி வேலாத்தாளிடம் கொடுத்தான். கொடுத்த கை அப்படியே நின்றது. "அப்படியானால் அவள் என்னை நினைக்கிறாளா?"

"அது மணிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவங்களைத்தான் கேக்கணும்."

"ராஜா நானே போவதா?"

"சிரிச்சது நீங்கதானே?"

ராஜா தலை குனிந்தான். அன்றைக்கே தனியாகக் குதிரை ஏறினான்.

மூன்று நாள் வழி நெடுகத் தகுந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். மாமனார் வாசலில் பூங்குழையைக் கண்டதும் அத்தனையும் மறந்துபோயிற்று. "உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை" என்றான்.

"இதைச் சொல்ல ஆறு மாதமா?" என்று கேட்டவளின் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையாளைக் கூப்பிட்டாள்.

"குதிரைச் சேணத்தைக் கழற்று. ராஜா கொஞ்ச நாள் இங்கேதான் இருப்பார்."