இரண்டு பக்கமும் யானை

கரூரில் பழங்காசு மதிப்பிடும் சௌந்தரவல்லியிடம் மருதாசலம் பாடம் கேட்டுவந்தார். குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூடுதல். ஆசைக்கு வயது ஏது? ஆறே மாதத்தில் ஆற்றங்கரையில் ஒரு இடம் விடாமல் காசு தேடி அலைய ஆரம்பித்துவிட்டார்.

அன்று காலை ஒரு செப்புக்காசைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு பக்கமும் யானை.

"முந்தாநேத்து அம்பது ரூவாய்க்கு வாங்குனேன், அம்மணி." பெருமை தாங்கவில்லை மனிதருக்கு. "ஆத்து மணல் அரிக்கிற ராக்கியப்பன்கிட்ட. நெசக் காசுன்னா ஒரு பக்கந்தான் யானை இருக்கும், இது போலின்னு சொன்னேன். நம்பிட்டான். இன்னும் ஏழு வச்சிருக்கான். மொத்தமாக் கேட்டா சந்தேகப்படுவான்னு விட்டுட்டு வந்தேன். இதுக்கு என்ன மதிப்புங்க?"

சௌந்தரவல்லி லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"அச்சடிக்கையில நடந்த தப்பு. ஆனா நெசக் காசுதானுங்கண்ணா. ஒவ்வொண்ணும் நாப்பதாயிரம் போகும்."

மருதாசலத்தின் முகம் மலர்ந்தது.

"இதை அப்படியே அவருகிட்டச் சொல்லிட்டு வாங்க," என்றார் சௌந்தரவல்லி.

மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது. மருதாசலம் கெட்டவர் அல்ல. அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறதே என்று புத்தி பிசகிவிட்டது, அவ்வளவுதான். எழுந்து போனார்.

ராக்கியப்பன் முழங்கால் தண்ணீரில் சல்லடையோடு நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சல்லடையைக் கரையில் வைத்தார்.

"நீங்க வெவரம் தெரிஞ்சவுங்க, போலின்னு சொன்னீங்க. போலின்னு தெரிஞ்சும் இன்னொருத்தர் தலையில கட்டுனா பாவமில்லீங்களா? மிச்சம் ஏழு காசையும் பாத்திரப் பட்டறையில எடைக்குப் போட்டுட்டேனுங்க."

மருதாசலம் பட்டறைக்கு ஓடினார். முந்தின நாளே உருக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் சௌந்தரவல்லியின் முன்னால் வந்து உட்கார்ந்தார். காசை எடுத்து வைத்தார்.

"ஏழும் போச்சு அம்மணி. நான் சொன்ன ஒரு பொய்யால போச்சு. அந்த மனுசர் என்னை ஒரு வார்த்தை திட்டலீங்க. திட்டியிருந்தாத் தேவலை." கண் கலங்கிவிட்டது. "இதையாவது அவருக்கே திருப்பிக் குடுத்துடறேன். மதிப்பையும் எழுதிக் குடுங்க. இனி யாரும் அவரை ஏமாத்தக் கூடாது."

சௌந்தரவல்லி காசைத் திரும்ப லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு லட்சம்னு எழுதறேனுங்கண்ணா."

"காலையில நாப்பதாயிரம்னுதானுங்களே சொன்னீங்க?"

"காலையில எட்டு இருக்குதுன்னு நெனச்சேன்."