இரவல் கோட்டு

சென்னையில் ஒரு பழைய கிளப் இருந்தது. அதன் சாப்பாட்டுக் கூடத்து வாசலில், ஒரு பித்தளைக் கொக்கியில், கறுப்புக் கோட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கோட்டு போடாத யாரும் அந்தக் கூடத்துக்குள் போகக் கூடாது என்பது கிளப்பின் சட்டம். விஷயம் தெரியாமல் வெறும் சட்டையோடு வந்துவிடும் விருந்தாளிகளுக்கு மாட்டிவிடுவதற்காகவே அதை வைத்திருந்தார்கள்.

கோட்டுக்கு அதில் ஏகப் பெருமை. வந்தவர் குட்டையோ நெட்டையோ, தன்னை மாட்டிக்கொண்டதுமே வாசலில் நிற்கும் பணியாள் குனிந்து வழிவிடுவதை அது எத்தனையோ தடவை பார்த்திருந்தது.

"நான் தோளில் ஏறினால் போதும், எந்த மனுஷனும் துரையாகிவிடுகிறான்" என்று பக்கத்திலிருந்த தேக்குக் கதவிடம் சொல்லும்.

கதவு அதிகம் பேசாது. "அப்படியா?" என்று மட்டும் கேட்டுவைக்கும்.

அந்தக் கூடத்தில் முப்பத்துநாலு வருஷம் பரிமாறியவர் சவரிமுத்து. எந்த மெம்பருக்கு எவ்வளவு உறைப்பு, யாருக்குப் பல்லில் கோளாறு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். காலையில் வந்ததும் கோட்டைத் தூசி தட்டி, காலரை ஒரு தடவை நீவிவிடுவார். எத்தனையோ தோள்களில் ஏறி இறங்கிய கோட்டுக்கு, அந்தக் கை ஒன்றுதான் சொந்தம் மாதிரி இருந்தது.

அவர் ஓய்வுபெற்ற மாதம், சிதம்பரநாதன் என்ற மெம்பர் அவரை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குத் தன் விருந்தாளியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், மனசாரத்தான் கூப்பிட்டார். சவரிமுத்து எவ்வளவோ மறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மகள் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். அவரிடம் ஏது கோட்டு? பணியாள் கொக்கியிலிருந்து எடுத்து மாட்டிவிட்டான்.

கோட்டுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "இத்தனை நாள் யார் யாரையோ கூட்டிப்போனேன். இன்றைக்குத்தான் கூட்டிப்போக வேண்டியவரைக் கூட்டிப்போகிறேன்" என்றது கதவிடம்.

உள்ளே சவரிமுத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவரோடு வேலை பார்த்தவனே வந்து சூப் ஊற்றினான். அக்கம்பக்கத்து மேஜைகளில் பேச்சு சற்றே தணிந்து மறுபடி எழுந்தது. கோட்டு அவர் தோள்களை மெல்லப் பின்னுக்கு இழுத்து நிமிர்த்திவிட்டது. சிதம்பரநாதன் அவருடைய மகளைப் பற்றியும் பேரனைப் பற்றியும் விசாரித்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் உடம்பு இளகியது. ஸ்பூனைக் கையில் எடுத்தார்.

அப்போது அடுத்த மேஜையிலிருந்து ஓர் அம்மாள், பேச்சை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல், காலி டம்ளரை நீட்டினார்.

"சவரி, தண்ணி."

கோட்டு தன் தையல் அத்தனையையும் இறுக்கி அவரைப் பிடித்து அமுக்கியது. அக்குளில் ஒரு தையல் பட்டென்று விட்டது. ஆனால் அவர் எழுந்துவிட்டார். கூஜாவை எடுத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். கூஜாவின் மூக்கைத் துடைக்க வழக்கமான துண்டு தோளில் இல்லை. கோட்டின் கையாலேயே துடைத்தார்.

அம்மாள் தண்ணீரைக் குடித்தார். சிதம்பரநாதன் குனிந்து சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தார். சவரிமுத்து திரும்பி வந்தார், ஆனால் உட்காரவில்லை.

"நான் நின்னுக்கிறேன் சார்" என்றார் தணிந்த குரலில். "உக்காந்தா தொண்டையில எறங்க மாட்டேங்குது."

அடுத்து வந்த மீனை அவரே வாங்கிச் சிதம்பரநாதனுக்குப் பரிமாறினார். சிதம்பரநாதனும் சாப்பிட்டார்.

மறுநாள் கிளப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: முன்னாள் ஊழியர்களை விருந்தாளிகளாக அழைத்து வரக் கூடாது. கோட்டைச் சலவைக்கு அனுப்பினார்கள். விட்ட தையலைப் போட்டு, சவரிமுத்துவின் வியர்வை வாசம் துளியும் இல்லாமல், வியாழக்கிழமை அது கொக்கிக்குத் திரும்பி வந்தது.

"அவரை உள்ளே விட்டாயே, அப்புறம் ஏன் இப்படி ஆயிற்று?" என்று கதவைக் கேட்டது.

"நான் எங்கே விட்டேன்?" என்றது கதவு. "முப்பத்துநாலு வருஷம் அவர் இந்தக் கூடத்தில்தான் இருந்தார். ஒரு நாள்கூட உள்ளே வந்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்."



கொஞ்ச நேரத்தில் வெறும் சட்டையோடு ஒருவர் வந்து நின்றார். பணியாள் கோட்டை எடுத்து விரித்துப் பிடித்தான். மாட்டேன் என்று உதற வேண்டும்போல் இருந்தது அதற்கு. உதறுவதற்குக் கை வேண்டும். கோட்டுக்குள் நுழைந்திருந்தவையோ வந்தவருடைய கைகள்.