சூளைப் புகையை விட்ட நீர்நாய்

காட்டை விட்டு இறங்கும் ஆறு, ஊரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு இடத்தில் வளைந்து ஓடியது. அந்த வளைவில் பதினோரு நீர்நாய்கள் கூட்டமாக வாழ்ந்தன. அவற்றில் சுழியனும் மடுவனும் அண்ணன் தம்பிகள்.

நீர்நாய்க்கு மூச்சுதான் சோறு. மூச்சை அடக்கி முங்கினால்தான் மீன் கிடைக்கும். மூச்சு குறைந்தால் வயிறு காயும். இது குட்டி நீர்நாய்க்கும் தெரியும்.

எதிர்க்கரையில் ஒரு செங்கல் சூளை இருந்தது. ஒரு மார்கழியில் குளிர் தாங்காமல் அண்ணனும் தம்பியும் அங்கே குளிர் காயப் போனார்கள். ஊளையன் என்ற குள்ளநரி அங்கே முன்னாலேயே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தான்.

"வாங்க மாப்ளைகளா! காலை மட்டும் காட்டினா எப்படி? மூக்கையும் காட்டுங்க. சும்மா கிர்ருன்னு ஏறும்!" என்றான்.

சூளைப் புகையில் மூக்கைக் காட்டினார்கள். முதல் நாள் இருமல் வந்தது. இரண்டாம் நாள் கிறுகிறுப்பு வந்தது. மூன்றாம் நாள் சுகமாக இருந்தது. அவ்வளவுதான். மார்கழி போய்ச் சித்திரை வந்தது. பாறையைத் தொட்டால் சுடுகிற வெயில். அப்போதும் இரண்டு பேரும் மத்தியானம் ஆனால் குளிர் காயத்தான் போனார்கள்!

வைகாசியில் சுழியனுக்கு மூச்சு இளைத்தது. "இன்னையோட விட்டாச்சு!" என்று எல்லோரிடமும் சொன்னான். மறுநாளே சிடுசிடுத்தான். மீனைப் பங்கு வைத்தால் குறை. குட்டிகள் விளையாடினால் குறை. கடைசியில் தன் மனைவி கோரை மேலேயே பாய்ந்துவிட்டான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு முறை உண்டு. யாராவது அடுத்தவர் மேல் பாய்ந்தால், ஆற்று நடுவில் இருக்கும் கோபப் பாறையில் போய் உட்கார வேண்டும். கோபம் தணியும்வரை யாரும் அவரிடம் பேசக் கூடாது. பக்கத்தில் போகவும் கூடாது. மீன் சண்டைக்கு நல்ல மருந்துதான் அது. காலையில் போனவர் சாயங்காலம் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுவார்.

சுழியன் மூன்று நாள் அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தான். கோரை முறைப்படி தள்ளியே இருந்தாள்.

மூன்றாம் நாள் அவன் எதிர்க்கரைக்கு நீந்திப் போனான். விட்ட நாட்களுக்கும் சேர்த்துப் புகையை இழுத்தான். திரும்பும் வழியில் ஒரு வாளை மீன் கண்ணில் பட்டது. துரத்திக்கொண்டு ஆழத்துக்குள் முங்கினான்.

எழவே இல்லை.

மறுநாள் காலை கோரைப்புல் ஓரத்தில் அவன் உடம்பு ஒதுங்கியது. வாயில் மீன் இல்லை.

மடுவன் அண்ணனின் உடம்புக்குப் பக்கத்தில் நின்று, "இனிமே அந்தக் கரைப் பக்கம் தலைவைக்க மாட்டேன்!" என்று சத்தியம் செய்தான். உண்மையாகத்தான் செய்தான்.

முதல் நாள் அழுகையில் போய்விட்டது. இரண்டாம் நாள் தலைக்குள் கல்லை வைத்தது மாதிரி கனத்தது. மூன்றாம் நாள் மீனைக் கடித்தால் மண்ணைக் கடித்தது மாதிரி இருந்தது. நான்காம் நாள், ஒன்றுமில்லாத விஷயத்துக்குத் தன் மகளின் காதைக் கடித்துவிட்டான். ரத்தம் வந்தது. குட்டி வீலென்று கத்தினாள்.

கூட்டத் தலைவி கருமூக்கி வந்தாள். "பாறைக்குப் போப்பா" என்றாள்.

மடுவன் நீந்திப் போனான். தன்னைப் பார்க்க அவனுக்கே வெட்கமாக இருந்தது.

பாறையில் கோபம் அரை நாளில் தணிந்துவிட்டது. அதற்கு அப்புறம் வந்ததுதான் மோசம். காரணமே இல்லாமல் கண்ணீர் வந்தது. ஆறு வெறும் தண்ணீராகத் தெரிந்தது. 'புகை இருந்தப்ப சிரிக்கவாவது செஞ்சேனே. இப்ப அதுவும் இல்லை. நான் என்ன சென்மம்!' என்று நினைத்துக்கொண்டே கிடந்தான். குட்டிகள் தூரத்தில் முங்கி விளையாடின. அந்தச் சத்தம்கூட அவனுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் காற்று திரும்பியது. எதிர்க்கரையிலிருந்து புகை வாசம் வந்தது. கூடவே ஊளையனின் குரலும் வந்தது.

"மாப்ளே! என்ன அங்க, தவமா? வரம் கேட்டு உட்கார்ந்திருக்கியா?"

மடுவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"ஒரே ஒரு இழுப்பு! அதுக்கப்புறம் நாளைக்கு விட்டுக்கோ. ஒண்ணுல என்ன ஆகிடப்போகுது?"

'ஒண்ணுல என்ன ஆகிடப்போகுது?' அந்த வார்த்தை மடுவனின் காதுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. வாய் ஊறியது. கால் தானாக எழுந்தது. முன்னங்கால் இரண்டையும் தண்ணீருக்குள் வைத்துவிட்டான்.

இதைக் கரையிலிருந்து அவன் மனைவி அயிரை பார்த்தாள். பார்த்தவள் சும்மா நிற்கவில்லை. தொபீரென்று ஆற்றில் குதித்தாள்.

"ஏ அயிரை! நில்லுடி!" கருமூக்கி கத்தினாள். "பாறையில இருக்கிறவன்கிட்ட பேசினா நீயும் பாறையிலதான் உட்காரணும்!"

"அதுக்குத்தானே போறேன்!" என்று நீந்திக்கொண்டே சொன்னாள் அயிரை.

"முறையை மீறாதே! நம்ம பாட்டன் காலத்து முறை!"

அப்போது கோரை எழுந்தாள். புருஷன் போன நாளிலிருந்து வாயே திறக்காதவள் அவள்.

"நான் முறைப்படி தள்ளித்தான் நின்னேன். மூணு நாளும் நின்னேன். அவரு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். முறை பத்திரமா இருக்கு. என் புருஷன்தான் இல்லை!"

கோரையும் ஆற்றில் இறங்கினாள். இரண்டு பெண்களும் பாறையில் ஏறி, மடுவனுக்கு ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள்.

"போங்க ரெண்டு பேரும்" என்றான் மடுவன். "நான் கெட்டவன். பெத்த பிள்ளையையே கடிச்சவன்."

"கடிச்சீங்க. அவ காது ஆறிப்போச்சு. இப்ப நண்டு துரத்திக்கிட்டு இருக்கா. உங்களுக்குத்தான் இன்னும் ஆறலை" என்றாள் அயிரை.

மடுவன் தலையைத் தொங்கப்போட்டான். மெதுவாகச் சொன்னான். "அண்ணன் போன இடத்துக்கே போயிடலாமான்னு தோணுது அயிரை."

அயிரை திட்டவில்லை. 'அப்படியெல்லாம் பேசாதீங்க' என்று வாயை அடைக்கவும் இல்லை. இன்னும் ஒட்டி உட்கார்ந்தாள்.

"வாய்விட்டுச் சொன்னீங்களே, அதுவே நல்லது. இன்னொரு தடவை தோணினாலும் என்கிட்ட இப்படியே சொல்லணும். உங்களை விட்டு நாங்க நகர மாட்டோம்."

"அழுகையா வருது. புகை போனதுக்கு அழறேனா, அண்ணன் போனதுக்கு அழறேனான்னுகூடத் தெரியலை."

"ரெண்டுக்கும் சேர்த்து அழுங்க கொழுந்தனாரே" என்றாள் கோரை. "நானும் அழணும்."

மூன்று பேரும் அழுதார்கள். காற்று மறுபடி புகையைக் கொண்டுவந்தது. மடுவனுக்குப் புகை ஆசை தலைதூக்கியது.

"வருது! அயிரை, வருது!"

"முங்குங்க! அடியில போய் ஒரு சிப்பி எடுத்துக்கிட்டு வாங்க!"

முங்கினான். சிப்பியோடு எழுந்தான்.

"இப்ப அதைக் கல்லுல உடைங்க. உடைச்சு முடிக்கிற வரைக்கும் தாங்கினா போதும். நாளைக்கு என்ன செய்யறதுன்னு நாளைக்குப் பார்க்கலாம்!"

மடுவன் சிப்பியைப் பாறையில் டொக் டொக்கென்று அடித்து உடைத்தான். அது கெட்டிச் சிப்பி. உடைத்துச் சதையைத் தின்று நிமிர்ந்தபோது ஆசை பாதியாகக் குறைந்திருந்தது. இன்னொரு சிப்பி எடுத்தான். அதுவும் போய்விட்டது.

"போயிடுச்சே!" என்று ஆச்சரியப்பட்டான்.

"மறுபடி வரும். வரட்டும். ஆத்துல சிப்பிக்கா பஞ்சம்?" என்றாள் அயிரை.

வந்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வந்தது. அப்புறம் எட்டு, அப்புறம் ஐந்து. வரும்போதெல்லாம் மடுவன் வெட்கப்படாமல் "வருது!" என்று கத்தினான். கத்தினால் போதும், யாராவது ஒருவர் கூடவே முங்கினார்கள். ஒரு நாள் கருமூக்கியே முங்கினாள்! "என்னய்யா பார்க்கிறே? எனக்கும் சிப்பி பிடிக்கும்" என்று முறைத்தாள்.

மனசுக்குள் இருந்த இருட்டு மட்டும் சுலபமாகப் போகவில்லை. சில காலைகளில் அவன் வளையை விட்டு வெளியே வரவே மாட்டான். அயிரை வாலைப் பிடித்து இழுத்து வெயிலுக்குக் கொண்டுவருவாள். பசிக்கவில்லை என்பான். அரை மீனாவது தின்ன வைப்பாள்.

ஒன்பதாம் நாள் அவன் தவறிவிட்டான். எல்லோரும் மீன் வளைக்கப் போயிருந்த நேரம், தனியாக எதிர்க்கரைக்குப் போய் ஒரு மூச்சு இழுத்துவிட்டான். இருமிக்கொண்டே திரும்பினான். யாரும் சொல்லாமலே கோபப் பாறையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அயிரைக்கும் கோபம் வந்தது. ஏன் வராது? பாறைக்குப் போய், "எத்தனை இழுப்பு?" என்றாள்.

"ஒண்ணு."

"எட்டு நாள் இழுக்காம இருந்தீங்க. அந்த எட்டு நாளை எந்தப் புகையும் திருப்பி வாங்கிக்க முடியாது. இறங்குங்க. மீன் ஆறுது."

"ஆத்து மீன் எப்பவும் ஆறித்தானேடி இருக்கும்?" என்றான் மடுவன். சொன்ன பிறகுதான் தான் சிரித்ததே அவனுக்குத் தெரிந்தது. விட்ட நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

ஆடி பிறந்தது. ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தது. மடுவனுக்கு மீன் மறுபடியும் மீனாக ருசித்தது. வருது என்று கத்துவது இரண்டு நாளைக்கு ஒரு தடவையாகக் குறைந்தது.

எதிர்க்கரையிலிருந்து ஊளையன் மட்டும் தினமும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஆனால் குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. ஒரு சாயங்காலம் "மாப்ளே" என்பதில் பாதிதான் வந்தது.

"நான் போய்ப் பார்க்கணும்" என்றான் மடுவன்.

"தனியாப் போகாதீங்க. நானும் வர்றேன்" என்றாள் அயிரை.

சூளை ஓரத்தில் ஊளையன் சாம்பலில் படுத்திருந்தான். விலா எலும்பை எண்ணிவிடலாம். மூச்சு விசில் மாதிரி இழுத்தது. இரண்டு பேரும் அவன் பிடரியைக் கவ்வி, புகை படாமல் ஒரு புங்க மரத்தடிக்கு இழுத்துப் போனார்கள்.

"எங்க கரைக்கு வந்துடுப்பா" என்றான் மடுவன்.

"ஆத்தைத் தாண்ட மூச்சு வேணுமே மாப்ளே."

"விட்டுட்டேன்னு தெரிஞ்சும் ஏம்ப்பா என்னை தினமும் கூப்பிட்டே? நான் செத்திருப்பேனே!"

ஊளையன் கண்ணை மூடிக்கொண்டான். "கெடுக்கணும்னு இல்ல. தனியா உட்கார முடியலை. நானும் விட்டேன் மாப்ளே. நாலு தடவை விட்டேன். நாலு தடவையும் பொந்துக்குள்ள இருட்டாக் கிடந்தேன். யாராவது எட்டிப் பார்த்து 'என்னடா'ன்னு கேட்டாப் போதும், தாங்கிடலாம்னு இருந்துச்சு. யாரும் வரலை. எல்லார்கிட்டயும் சிடுசிடுத்தேனே, எவன் வருவான்? சூளை மட்டும்தான் கூப்பிட்டுச்சு."

காற்று புகையை மரத்தடிக்கும் கொண்டுவந்தது.

"அயிரை, வருது" என்றான் மடுவன்.

இங்கே முங்கத் தண்ணீர் இல்லை. "இவரு முதுகைத் தடவுங்க. நிறுத்தாம தடவுங்க" என்றாள் அயிரை.

மடுவன் தடவினான். அவன் ஆசை வந்து, நின்று, போய்விட்டது. ஊளையனின் மூச்சும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"உன்கூட யாரு உட்கார்ந்தா மாப்ளே?" என்று கேட்டான் ஊளையன்.

"இவ. என் அண்ணி. அப்புறம் எல்லாரும்."

"அதான் பார்த்தேன்" என்றான் ஊளையன்.

இருட்டும் முன்பே அவன் மூச்சு நின்றுவிட்டது. மடுவனின் கை அவன் முதுகிலேயே இருந்தது. ஊளையன் முதல் தடவை புகையை விட்டபோதே யாராவது இப்படி ஒரு கையை வைத்திருக்கலாம்.

புகையை விட்டவர் சிடுசிடுத்தாலும் மனம் இருண்டு கிடந்தாலும் அவரைத் தனியே ஒதுக்காமல் பக்கத்தில் போய் உட்காருங்கள், ஏனென்றால் அந்த இருட்டு கொஞ்ச நாளில் கலைந்துவிடும், கலையும்வரை தாங்குவதற்குத் துணைதான் மருந்து.