மூடியைத் திறந்தால் ஏன் புஸ்ஸென்கிறது

அந்தக் காலத்தில், நாவல்பழத் தோலில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே ஒரு பொடி, அதற்கும் வாய் இருந்தது. சும்மா வாயில்லை, ஓட்டை வாய். பானத்தைப் புளித்துப் பொங்கவைக்கும் நொதிகள் என்று அவற்றுக்குப் பெயர். ஆள் கண்ணுக்கே தெரியாது, பேச்சு மட்டும் ஊரைக் கூட்டும்.

குருவம்மா இஞ்சியைத் தட்டி, கருப்பட்டி கரைத்த தண்ணீரில் நாவல்பழங்களோடு போட்டு வைப்பாள். நொதிகள் கருப்பட்டியைத் தின்றுவிட்டு நாளெல்லாம் வம்பு பேசும். பேசப் பேசக் குமிழி வரும். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்தச் சளசளப்புதான் அவளுக்குத் துணை.

ஒருநாள் அவள் புருஷன் சங்கனுக்கு வயிறு உப்பிக்கொண்டது. ஏப்பம் வரவில்லை, கஞ்சி இறங்கவில்லை. சில நாளில் ஆள் துரும்பாகிப் போனான். பொங்குகிற பானத்தில் ஒரு வாய் கொடுத்ததும் சின்னதாக ஓர் ஏப்பம் வந்தது. அடுத்த வாய் கொடுப்பதற்குள் பானம் சப்பென்று ஆகிவிட்டது.

"சுருக்குனு இருந்தாத்தான் அவருக்குக் கேக்கும். ஏன் இப்படிச் சப்புனு போகுது?" என்று குருவம்மா நொதிகளைக் கேட்டாள்.

"நாங்க விடுற மூச்சுதான்க்கா அந்தச் சுருக்கு," என்றது மூத்த நொதி. "பேச்சோட பேச்சா வெளிய போயிருது."

"அப்ப வாய மூடுங்க."

"அது எங்களால ஆகாது. நீதான் எங்களப் போட்டு மூடணும்."

சுரைக்குடுக்கையில் விளிம்புவரை ஊற்றித் தக்கையை அடித்தாள். குடுக்கை வெடித்துச் சுவரெல்லாம் கருப்பட்டி. "மூச்சு விட இடம் வேணாமாக்கா?" என்று நொதிகள் திட்டித் தீர்த்தன. அடுத்த குடுக்கையில் நாலு விரல் இடம் விட்டு, தக்கையை நாரால் கட்டினாள். "குருவக்கா, இருக்கியா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மனசு கேட்காமல் அவிழ்த்துவிட்டாள். அவ்வளவுதான், பானம் பழையபடி சப்பென்று ஆனது. அன்று சங்கன் தண்ணீரைக்கூட விழுங்கவில்லை.

மூத்த நொதி சொன்னது: "இந்தத் தடவ நாங்க கூப்பிட்டாலும் திறக்காத. முழு மூச்சையும் விட்டுட்டா அப்புறம் பேச மிச்சம் இருக்குமான்னு தெரியல. இருக்கட்டும். அண்ணன் சாப்பிடணும்."

குருவம்மா புதிதாகக் கலந்து, மறுபடி நாலு விரல் இடம் விட்டு ஊற்றினாள். தக்கையைக் கட்டினாள், முன்னைவிட இறுக்கமாக. குடுக்கையை அடுப்படிச் சூட்டில் வைத்தாள். அவை கூப்பிட்டன. "இங்கதான் இருக்கேன்," என்றாள், முடிச்சில் கை வைக்கவில்லை. கெஞ்சின. அழுதுகொண்டே அம்மியில் அரைத்தாள், திறக்கவில்லை. குரல் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. அதன் பிறகு, சேர்ந்த மூச்சு தண்ணீரிலேயே தங்கட்டும் என்று குடுக்கையைக் கிணற்றில் இறக்கி நன்றாகக் குளிரவிட்டாள்.

தக்கையை எடுத்தாள். புஸ்ஸ்ஸ்! சொல்லாமல் அடைத்து வைத்திருந்த பேச்செல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடித்து வந்ததால், ஒரு சொல்கூட அவளுக்கு விளங்கவில்லை.

சங்கன் குடித்தான். கொட்டிலில் மாடு திரும்பிப் பார்க்கும்படி ஓர் ஏப்பம் விட்டான். "கஞ்சி இருக்கா?" என்று கேட்டான்.

அவனுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு வந்து குடுக்கைக்குள் பார்த்தாள். அடியில் வெள்ளையாக வண்டல். "ஏதாவது பேசுங்களேன்," என்றாள். பேச்சில்லை. கொஞ்சம் கருப்பட்டியும் தண்ணீரும் ஊற்றினாள். ஒரு குமிழி மேலே வந்து சத்தமில்லாமல் உடைந்தது.

அன்று முதல்தான் நொதிகளுக்குப் பேச்சில்லை. நொதித்த பானத்தைத் திறக்கிறவர்களும் அந்தப் புஸ்ஸைக் கேட்டதும், தங்களைத்தான் யாரோ கூப்பிட்டது போல, பேசிக்கொண்டிருந்ததை ஒரு கணம் நிறுத்திவிடுகிறார்கள்.